ஒன்பது மாதம் கேட்கிறோம், பொடிப் பாக்கெட்டை நீட்டுகிறார்கள்



எங்கள் வாசிப்பு வட்டத்துக்கு வரும் தம்பி ஒருவன். அவிநாசிப் பக்கம் ஒரு காலனிக்காரன். வாரத்தில் ஆறு நாள் திருப்பூரில் பனியன் கம்பெனியில் பீஸ் ரேட்டுக்குக் கட்டிங் வேலை. ஞாயிற்றுக்கிழமை காலனி அணியின் ரெய்டர். தொலைநிலைக் கல்வியில் பட்டம் படித்துக்கொண்டே காவலர் தேர்வுக்கும் தயாராகிக்கொண்டிருந்தான். விளையாட்டு ஒதுக்கீட்டில் எப்படியும் சீருடை போட்டுவிடுவான் என்று அவன் அம்மா நம்பினார். நாங்களும் நம்பினோம்.

பொங்கலையொட்டி நடந்த ஓர் இரவுப் போட்டியில் நாலு பேர் காலைப் பிடித்தார்கள். உடம்பு ஒரு பக்கம் திரும்பியது, முட்டி திரும்பவில்லை. 'டப்'பென்று சத்தம் கேட்டது என்றான். ஸ்கேனில் ஜவ்வு அறுந்திருப்பது தெரிந்தது. மருத்துவர்கள் ஏ.சி.எல். என்கிறார்களே, முட்டிக்குள் குறுக்காக ஓடி, தொடை எலும்பும் கீழ்க்கால் எலும்பும் விலகாமல் பிடித்து வைத்திருக்கும் நார், அதுதான். காப்பீட்டு அட்டை பாதி, கடன் பாதி என்று கோவையில் ஒரு தனியார் மருத்துவமனையில் அறுவை சிகிச்சை முடிந்தது.

ஆறாவது வாரம் மறுபரிசோதனை. ரத்தத்தில் வைட்டமின் டி அளவு 11 என்று வந்தது. "இப்படி இருந்தா எப்படிப்பா முட்டி சேரும்?" என்று கேட்டாராம் மருத்துவர். சீட்டில் நான்கு வரி எழுதினார். வாரம் ஒரு பொடிப் பாக்கெட், எட்டு வாரம். தினமும் காலை இளவெயில். பால், முட்டை, பாதாம், பன்னீர். வாரம் மூன்று நாள் பிசியோதெரபி.

தம்பியால் செய்ய முடிந்தது முதல் வரி மட்டும். எட்டுப் பாக்கெட்டையும் தவறாமல் குடித்தான். மூன்றாவது மாதமே வேலைக்குப் போய்விட்டான். எட்டாவது மாதம் எங்களைப் பார்க்க வந்தபோது அறுவை செய்த காலின் தொடை மற்ற தொடையைவிடச் சூம்பியிருந்தது. படி இறங்கினால் முட்டி நழுவுகிறது என்றான். மறுபடியும் ரத்தம் கொடுத்துப் பார்த்திருந்தான், அளவு 34. சிரித்துக்கொண்டே சொன்னான்: "வைட்டமின் ஏறிருச்சுங்ணா. காலுதான் ஏற மாட்டேங்குது."

இந்தக் கட்டுரை அவனுடைய அந்த ஒரு வாக்கியத்துக்கான எங்கள் பதில்.

பொடியால் ஆவதும் ஆகாததும்

முதலில் அறிவியலைப் பேசிவிடுவோம். அறிவியலை மருத்துவமனைக் கவுண்டரில் விட்டுவிட்டு அரசியல் பேசுவது நமக்கு வழக்கமில்லை.

வைட்டமின் டி பெயரளவில்தான் வைட்டமின். உண்மையில் உடம்பே செய்துகொள்ளும் ஒரு ஹார்மோனின் மூலப்பொருள். வெயிலில் இருக்கும் புற ஊதா பி கதிர் தோலில் படும்போது அது உருவாகிறது. கல்லீரல் ஒரு முறை மாற்றுகிறது, சிறுநீரகம் இன்னொரு முறை மாற்றுகிறது. அதன் பிறகு அது குடலுக்கு, 'கால்சியத்தை உள்ளே இழு' என்று கட்டளையிடுகிறது. அது மிகவும் குறைந்துபோனால் எலும்பு மென்மையாகும், தொடை, இடுப்புத் தசைகள் தளரும், தரையில் உட்கார்ந்தால் கையூன்றாமல் எழ முடியாது. ஆகவே 11 என்ற எண்ணைப் பார்த்து மருத்துவர் பொடி எழுதியதில் தவறே இல்லை. குறைபாடு உள்ளவர்கள் அதைச் சரிசெய்துகொள்ளத்தான் வேண்டும்.

ஆனால் "இப்படி இருந்தா எப்படிப்பா முட்டி சேரும்?" என்ற கேள்வி வேறு. இல்லாத ஒரு வாக்குறுதி அதற்குள் ஒளிந்திருக்கிறது. மூட்டுத் தேய்மானம் உள்ள, வைட்டமின் டி குறைந்த 413 பேரை ஆஸ்திரேலியாவில் இரண்டு ஆண்டுகள் பின்தொடர்ந்தார்கள். பாதிப் பேருக்கு வைட்டமின், பாதிப் பேருக்கு வெறும் மாத்திரை. 2016இல் வெளியான முடிவு: முட்டிக் குருத்தெலும்பு இழப்பிலும் வலியிலும் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. அமெரிக்காவில் 25,871 பேரிடம் நடந்த பெரிய சோதனையின் எலும்பு முறிவு முடிவுகள் 2022இல் வந்தன. தினம் 2,000 யூனிட் சாப்பிட்டவர்களுக்கும் சாப்பிடாதவர்களுக்கும் முறிவில் வேறுபாடு இல்லை. அவர்களில் பெரும்பாலோர் குறைபாடு இல்லாதவர்கள் என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். ஜவ்வு அறுவைக்குப் பிறகு தொடைத்தசை வலு திரும்புவதற்கும் வைட்டமின் டி அளவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்று சொல்லும் ஆய்வுகள் உண்டு. அவை சிறியவை. 'இருக்கலாம்' என்பதற்கு மேல் அவற்றிலிருந்து எடுக்க முடியாது.

'ஒரே ஊசியில ஏத்திடலாம்' என்று லட்சக்கணக்கான யூனிட்டை ஒரே தடவையில் குத்திக்கொள்ளும் பழக்கம் நம் ஊர்களில் இருக்கிறது. அவர்களுக்கு ஒரு செய்தி. ஆஸ்திரேலியாவில் 70 வயது கடந்த 2,256 பெண்களிடம் ஆண்டுக்கு ஒரே தடவையாக 5 லட்சம் யூனிட் கொடுத்துப் பார்த்தார்கள். 2010இல் முடிவு வந்தது. வைட்டமின் பெற்றவர்கள்தான் அதிகமாகக் கீழே விழுந்தார்கள், அவர்களுக்குத்தான் அதிகமாக எலும்பு முறிந்தது. கிடைக்காமல் போனதை ஒரே நாளில் கொட்டி நிரப்ப முடியாது. வைட்டமினிலும் முடியாது, வேறு எதிலும் முடியாது.

குறைந்தால் நிரப்பு, நிரம்பினால் நிறுத்து. பொடியின் வேலை அவ்வளவுதான். அறுந்த ஜவ்வின் இடத்தில் தைத்த நாரைத் தாங்கும் வேலை தொடைத்தசையுடையது. அந்தத் தசையைப் பொடி கட்டித் தராது.

வெயில் இலவசம் என்பவர்களுக்கு

இரண்டாவது வரி: காலை இளவெயில். இதைச் சொல்லும்போது எல்லோர் முகத்திலும் ஒரு தாராளம் தெரியும். சூரியன் எல்லோருக்கும் பொது அல்லவா? காசா, பணமா?

காலை ஏழு மணி வெயிலில் புற ஊதா பி கதிர் மிகக் குறைவு. சூரியன் சாய்வாக இருக்கும்போது அது காற்று மண்டலத்திலேயே வடிகட்டப்பட்டுவிடுகிறது. எளிய கணக்கு ஒன்று சொல்கிறோம், குறித்துக்கொள்ளுங்கள்: உங்கள் நிழல் உங்களைவிடக் குட்டையாக இருக்கும் நேரத்தில்தான் தோல் ஒழுங்காக வைட்டமின் டி செய்யும். நம் ஊரில் அது ஏறக்குறைய காலை பத்திலிருந்து பிற்பகல் மூன்று வரை. கண்ணாடி ஜன்னல் வழியே வரும் வெயிலில் அந்தக் கதிர் இருக்காது. கருத்த தோலுக்கு, வெளுத்த தோலைவிட அதிக நேரம் வேண்டும்.

காலை பத்திலிருந்து மூன்று மணி வரை தம்பி எங்கே இருந்தான்? கட்டிங் மேசையில், டியூப்லைட்டின் கீழே. திருப்பூரில் 'ஒன்றரை ஷிஃப்ட்' என்றால் என்னவென்று உங்களில் பலருக்குச் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் அக்காவோ அம்மாவோ அதில்தான் இருக்கிறார்கள். காலை எட்டரைக்கு உள்ளே போனால் இரவு எட்டரைக்கு வெளியே. கோவை, ஈரோடு, திண்டுக்கல் நூற்பாலைகளின் விடுதிகளில் 'சுமங்கலித் திட்டம்' என்ற பெயரில் வருடக்கணக்கில் அடைத்து வைக்கப்பட்ட பெண்பிள்ளைகள் எந்த வெயிலைப் பார்த்தார்கள்? விடுதி, ஆலை, விடுதி. அந்தப் பிள்ளைகளில் பெரும்பகுதி யார் வீட்டுப் பிள்ளைகள் என்பது கொங்கு மண்டலத்துக்கே தெரியும். வெளியே வந்தாலும் வீதியில் கை கால் தெரிய வெயிலில் நிற்கும் சுதந்திரம் ஆணுக்கு உண்டு, பெண்ணுக்கு யார் தந்தார்கள்?

இங்கே ஓர் உண்மையை மறைக்காமல் சொல்ல வேண்டும். தலித் மக்கள் அனைவருக்கும் வைட்டமின் டி குறைவு என்று நாங்கள் சொல்லவில்லை. 2016 முதல் 2018 வரை நடந்த தேசிய குழந்தைகள் ஊட்டச்சத்துக் கணக்கெடுப்பில் 1 முதல் 4 வயதுக் குழந்தைகளில் 14 சதவீதம், 5 முதல் 9 வயதில் 18 சதவீதம், வளரிளம் பருவத்தில் 24 சதவீதம் பேருக்குக் குறைபாடு இருந்தது. கிராமத்தைவிட நகரத்தில்தான் அதிகம். கரும்புத் தோட்டத்திலும் மஞ்சள் காட்டிலும் வேலை செய்யும் நம் பெரியவர்களுக்கு, குளிர்சாதன அறையில் இருப்பவரைவிட அளவு நன்றாகவே இருக்கக்கூடும். ஆனால் அவர்களின் முட்டி வேறு காரணத்தால் தேய்கிறது. குனிந்தே இருந்ததால், சுமந்ததால், குத்தவைத்தே வேலை செய்ததால். ஒரு தலைமுறைக்குத் தேவைக்கு மேல் வெயில், அடுத்த தலைமுறைக்கு வெயிலே இல்லை. இரண்டு தலைமுறையும் தங்களுடைய வெயிலின் அளவைத் தாங்களே முடிவு செய்யவில்லை. 'வெயிலில் நில்லுங்கள்' என்பதை ஓர் அறிவுரையாக மட்டும் நாங்கள் ஏற்க மறுப்பது இதனால்தான்.

சூரியன் பொது என்பவர்கள் மேட்டுப்பாளையம் நடூருக்கும் ஒரு நடை போய் வரட்டும். 2019 டிசம்பர் 2 அதிகாலை, மழையில் ஊறிய இருபதடி உயரச் சுவர் அருந்ததியர் குடியிருப்பின் மேல் விழுந்து 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். வீட்டை ஒட்டி இருபதடிச் சுவர் எழும்பும்போது முதலில் மறைவது காற்றும் வெளிச்சமும். உயிர் போன பிறகுதான் அது செய்தியானது. இந்த மண்ணில் வெளிச்சத்துக்கும் வேலி போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்.

பாதாமும் பன்னீரும்

மூன்றாவது வரி, சாப்பாடு. பெரியவர் ஒருவருக்கு ஒரு நாளைக்கு வேண்டிய வைட்டமின் டி 600 யூனிட் என்கிறார்கள். ஒரு முட்டையில் ஏறக்குறைய 40 யூனிட். முட்டையில் மட்டும் எடுப்பதென்றால் நாளுக்கு 15 முட்டை. வைட்டமின் சேர்த்த பாலில் லிட்டருக்கு 200 முதல் 300 யூனிட் இருக்க வேண்டும் என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் அளவு. அப்படிப் பார்த்தால் இரண்டு மூன்று லிட்டர் பால். பாதாமிலும் பன்னீரிலும் இந்த வைட்டமின் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. கூடுதலாக இருப்பது மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்பு மீன்களில். உக்கடம் மீன் மார்க்கெட்டில் கிடைக்கும் மலிவான மீன்களில் மத்தியும் ஒன்று. அந்தச் சீட்டில் மத்தி இல்லை.

சூம்பிய தொடைத்தசை வளர வேண்டுமானால் புரதம் வேண்டும். மலிவு விலையில் முழுமையான புரதம் தரும் உணவு நம் வீடுகளில் தலைமுறை தலைமுறையாக இருக்கிறது: மாட்டுக்கறி. நூறு கிராம் கறியில் இருபது கிராமுக்கு மேல் புரதம். எந்த டயட் சார்ட்டிலாவது அதைப் பார்த்திருக்கிறீர்களா? நாங்கள் பார்த்ததில்லை. 'நான்-வெஜ் சாப்பிடலாமா' என்று தம்பி கேட்டதற்கு 'சிக்கன் எடுத்துக்கலாம்' என்று பதில் வந்தது. அவன் மேற்கொண்டு கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்பதை எங்கள் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லை. வாடகைக்கு வீடு தேடும்போதும் அதே கேள்வியை விழுங்கியவர்கள்தானே நாம். உணவின் பெயரைச் சொன்னால் சாதி தெரிந்துவிடும் என்று ஒரு நோயாளி வாயை மூடிக்கொள்கிற அறையில் எழுதப்படும் உணவுச் சீட்டு, பாதிச் சீட்டுதான்.

மதிய உணவில் முட்டை வைத்த மாநிலம் இது. அந்த முட்டையின் அருமை தெரிந்தவர்கள் நாம். பிள்ளை பள்ளியை விட்டு கம்பெனிக்குள் நுழைகிற நாளில் அந்த முட்டையும் நின்றுபோகிறது.

ஒன்பது மாதக் கணக்கு

நான்காவது வரிதான் முட்டியின் தலையெழுத்து: பிசியோதெரபி.

ஜவ்வு அறுவை என்றால் அறுந்ததை ஒட்டுவதில்லை. பெரும்பாலும் உங்கள் தொடையின் பின்பக்கத்திலிருந்தோ முட்டிச்சில்லுக்குக் கீழிருந்தோ ஒரு நாரை எடுத்து, எலும்பில் துளை போட்டு, அதற்குள் செலுத்திப் பொருத்துகிறார்கள். அந்த நார் புது இடத்தில் முதலில் பலவீனமாகும், பிறகு மெல்ல மெல்ல ஜவ்வாக மாறும். அதற்கு மாதக்கணக்கில் ஆகும். நார்வேயில் 106 பேரைப் பின்தொடர்ந்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டத்துக்குத் திரும்புவதை ஒன்பது மாதம் வரை ஒவ்வொரு மாதம் தள்ளிப்போடும்போதும் மறுகாயம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. தேதி மட்டும் போதாது. அறுவை செய்த காலின் தொடை வலு, நல்ல காலின் வலுவில் குறைந்தது 90 சதவீதத்தை எட்ட வேண்டும்.

பயிற்சியின் பலம் எவ்வளவு தெரியுமா? ஸ்வீடனில் ஏ.சி.எல். அறுந்த 121 இளைஞர்களை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதிக்கு உடனே அறுவையும் பயிற்சியும். மறு பகுதிக்கு முறையான பயிற்சி மட்டும், தேவைப்பட்டால் பிறகு அறுவை. இரண்டு ஆண்டுகள் கழித்துப் பார்த்தால் இரு பகுதியினரின் முட்டியும் ஏறத்தாழ ஒரே நிலை. பயிற்சியில் தொடங்கியவர்களில் ஐந்தாண்டு முடிவில்கூட ஏறக்குறைய பாதிப் பேர் அறுவையே செய்துகொள்ளவில்லை. கபடி ரெய்டருக்கு அறுவை தேவைப்படலாம், அதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். ஆனால் பயிற்சியை அறுவையின் வால் என்று நினைப்பவர்கள் இதைப் படிக்கட்டும். பயிற்சிதான் சிகிச்சை.

இதைத் தவறவிட்டவர் கதை எங்கே முடியும்? இந்தக் காயம் பட்டவர்களில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு 10, 20 ஆண்டுகளில் மூட்டுத் தேய்மானம் வருகிறது என்கின்றன நீண்டகால ஆய்வுகள். 22 வயதில் காயம் என்றால் 40 வயதில் தேய்ந்த முட்டி. உடம்பை வைத்துக் கூலி வாங்குகிற ஒருவருக்கு 40 வயதில் முட்டி போனால் அந்த வீட்டுப் பிள்ளையின் படிப்பு போகிறது. அடுத்த கட்டிங் மேசைக்கு அடுத்த ஆள் தயார்.

இப்போது அந்த ஒன்பது மாதத்தைத் தம்பியின் வீட்டில் வைத்துப் பாருங்கள்.

அவனுக்கு ஆறு வாரம் குத்தவைத்து உட்காரக் கூடாது என்றார்கள். காலனியின் பொதுக் கழிப்பறையில் குத்தவைக்காமல் எப்படிப் போவது? ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் நடுவில் ஓட்டை போட்டுக் கொடுத்தோம். அதைத் தூக்கிக்கொண்டு காலையில் வரிசையில் நிற்க அவனுக்கு வெட்கம். விடியும் முன்பே எழுந்து, இருட்டில் ஊன்றுகோலோடு போனான். ஈரத் தரையில் ஒரு முறை வழுக்கியும் விழுந்தான். பிசியோ மையத்துக்கு இரண்டு பஸ் மாற வேண்டும், பஸ்ஸின் முதல் படி அவன் முட்டி உயரம். ஒரு தடவை போய்வர அரை நாள், கட்டணம், கூட வருகிறவரின் கூலி. மூன்றாவது வாரத்தோடு நின்றது. 'வீட்டிலேயே செய்யுங்க' என்று அச்சடித்த தாள் ஒன்று கொடுத்தார்கள். அதில் இருந்த படத்தில் அந்த ஆள் கட்டிலில் படுத்துக் காலைத் தூக்குகிறான். தம்பி வீட்டில் கட்டில் இல்லை.

கூலி என்ன ஆனது? இ.எஸ்.ஐ.யில் இருந்திருந்தால் நோய்ப் பலனாக ஆண்டுக்கு 91 நாள் வரை, சராசரிக் கூலியில் 70 சதவீதம் கிடைத்திருக்கும். பணியிடத்தில் பட்ட காயமென்றால் 90 சதவீதம். தம்பிக்கு இ.எஸ்.ஐ.யே இல்லை, பீஸ் ரேட்காரன் எந்தப் பதிவேட்டிலும் இல்லை. இருந்திருந்தாலும் கணக்கைப் பாருங்கள்: முட்டி கேட்பது 270 நாள், சட்டம் தருவது 91. குறிப்பிட்ட சில நீண்டகால நோய்களுக்கு மட்டுமே அதற்கு மேல் நீட்டிப்பு. மருத்துவக் காப்பீடு ஆண்டுக்கு 5 லட்சம் வரை என்கிறது. நல்ல திட்டம்தான், அது இல்லையென்றால் தம்பி அறுவை அரங்கையே பார்த்திருக்க மாட்டான். ஆனால் அது மருத்துவமனைக்குப் பணம் தரும், வீட்டு அடுப்புக்குத் தராது.

இந்த 91 நாளும் யாரோ மனமிரங்கிப் போட்டதல்ல. 1942 முதல் 1946 வரை வைஸ்ராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தவர் பாபாசாகேப் அம்பேத்கர். வாரம் 48 மணி நேரம் என்று ஆலைச் சட்டம் திருத்தப்பட்டது அப்போது. தொழிலாளர் மருத்துவக் காப்பீட்டுக்கான திட்டம் தயாரானதும் அப்போது. 1948இல் அது சட்டமானது, 1955இல் தமிழ்நாட்டுக்குள் அது முதலில் வந்திறங்கிய ஊர் கோயம்புத்தூர். ஆலைத் தொழிலாளரின் ஊர் என்பதால் வந்தது. அதே கொங்கு மண்டலத்தில் இன்று ஒன்றரை ஷிஃப்ட்தான் நடைமுறை. 2023 ஏப்ரலில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தத்தைச் சட்டமன்றத்தில் நிறைவேற்றி, எதிர்ப்புக்குப் பிறகு திரும்பப் பெற்றார்கள். சட்டத்திலிருந்து திரும்பியது, கம்பெனிக்குள்ளிருந்து திரும்பவில்லை. பாபாசாகேபுக்கே கடைசி ஆண்டுகளில் நீரிழிவும் கால் நரம்பு வலியும் இருந்தன. வலிக்கிற காலோடு உழைப்பது என்னவென்று அவருக்குத் தெரியும்.

பிரியாவை மறந்துவிடாதீர்கள்

ஜவ்வு அறுவை என்றதும் சென்னை ராணி மேரிக் கல்லூரி மாணவி பிரியா நினைவுக்கு வராமல் இருக்க முடியாது. வியாசர்பாடியின் 17 வயதுக் கால்பந்து வீராங்கனை. 2022 நவம்பரில் பெரியார் நகர் அரசு மருத்துவமனையில் முட்டி ஜவ்வுக்கு அறுவை நடந்தது. ரத்தப்போக்கை நிறுத்தப் போட்ட இறுக்கமான கட்டு உரிய நேரத்தில் தளர்த்தப்படவில்லை. காலுக்கு ரத்த ஓட்டம் நின்றது. ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையில் காலை எடுத்தார்கள். நவம்பர் 15 அன்று உயிரும் போனது. அறுவை முறையாகத்தான் நடந்தது, கட்டில்தான் கவனக்குறைவு என்று அமைச்சரே சொன்னார். மருத்துவர்கள் இருவர் பணியிடை நீக்கம் செய்யப்பட்டார்கள்.

இதை வைத்து அரசு மருத்துவமனைகளை ஏசுபவர்களோடு நாங்கள் சேர மாட்டோம். அவை நம்முடையவை, அவற்றை விட்டால் நமக்குப் போக்கிடம் இல்லை. நாங்கள் சொல்வது ஒன்றுதான். பிரியாவை நாம் இழந்தது அறுவையில் அல்ல, அறுவைக்குப் பிந்தைய மணிநேரங்களில். தம்பியின் காலை இழந்துகொண்டிருப்பது அறுவைக்குப் பிந்தைய மாதங்களில். விளக்கு வெளிச்சத்தில் நடக்கும் ஒரு மணி நேரத்துக்கு நிபுணர் உண்டு, காப்பீடு உண்டு, செய்தி உண்டு. அதன் பிறகான காலத்துக்கு யாரும் இல்லை. அந்த வெற்றிடத்தில்தான் ஒரு பொடிப் பாக்கெட்டை வைக்கிறார்கள்.

'முட்டியில் எங்கேயடா சாதி?'

இந்தக் கேள்வி வரும். வந்தால் தலை குனியாதீர்கள். ஜவ்வுக்குச் சாதி இல்லை. கவுண்டர் வீட்டுப் பையனுக்கும் அறும், எங்கள் தம்பிக்கும் அறும். அறுந்த பிறகு ஒருவனுக்குக் கட்டிலும் மேற்கத்திய கழிப்பறையும் காரும் ஒன்பது மாதமும் இருக்கின்றன. இன்னொருவனுக்கு எட்டுப் பாக்கெட் இருக்கிறது. ஒரே அறுவை, ஒரே மருத்துவர், ஒரே சீட்டு. நான்கு வரியில் எத்தனை வரியை ஒருவன் நிறைவேற்ற முடியும் என்பதை யார் தீர்மானித்தது? நிலம் யாரிடம், கம்பெனி யாரிடம், ஊருக்குள் வீடு யாருக்கு என்பதுதான் தீர்மானித்தது. அங்கேதான் இருக்கிறது சாதி. அதைச் சொல்லாமல் 'உனக்கு வைட்டமின் குறைவு' என்று மட்டும் சொல்வது, பறித்தவனை விட்டுவிட்டுப் பறிகொடுத்தவன் உடம்பில் குற்றத்தை எழுதுவது.

கேட்க வேண்டியவை

அழுதுவிட்டுப் போவதற்காக இதை எழுதவில்லை. நாங்கள் கேட்பவை இவை:

1. 2021இல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வரும் இயன்முறை மருத்துவர் இருக்கிறார். முட்டி அறுவை செய்துகொண்ட ஒவ்வொருவரையும் வெளியேறும் நாளிலேயே அந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும், ஒன்பது மாதம் முடியும்வரை.

2. இ.எஸ்.ஐ. நோய்ப் பலனின் 91 நாள் வரம்பை, ஜவ்வு அறுவை போன்ற நீண்ட மீட்சிக் காலம் உள்ள சிகிச்சைகளுக்கு உயர்த்த வேண்டும். பீஸ் ரேட், ஒப்பந்தத் தொழிலாளர் அனைவரையும் இ.எஸ்.ஐ. பதிவேட்டில் ஏற்ற வேண்டும்.

3. பள்ளி, கல்லூரி, கிராம அணிகளில் ஆடுகிறவர்களுக்கு விளையாட்டுக் காயக் காப்பீடு வேண்டும், மீட்சிக் காலப் படியும் சேர்த்து. கோப்பை கொடுக்க மேடை போடுகிறவர்கள் முட்டி போனால் கட்டிலும் போடட்டும்.

4. காலனிகளின் பொதுக் கழிப்பறைகளில் ஒன்றாவது உட்கார்ந்து பயன்படுத்தும்படி, கைப்பிடியோடு இருக்க வேண்டும். அறுவை செய்தவருக்கு மட்டுமல்ல, நம் பாட்டிகளுக்கும்.

5. அரசு மருத்துவமனைகளின் உணவுச் சீட்டில் மத்தியும் மாட்டுக்கறியும் பெயரோடு இடம்பெற வேண்டும்.

மாணவத் தோழர்களுக்குத் தனியாக. உங்கள் காலனியில் யாருக்காவது இந்த அறுவை நடந்தால் பழம் வாங்கிக்கொண்டு பார்க்கப் போவதோடு நிற்காதீர்கள். ஒரு நோட்டுப் போடுங்கள். தினமும் பயிற்சி நடந்ததா என்று குறியுங்கள். மாதம் ஒரு முறை டேப் வைத்து இரண்டு தொடைகளின் சுற்றளவையும் அளந்து எழுதுங்கள். பஸ்ஸில் ஏற்றிவிட ஒருவர், இயன்முறை மருத்துவரிடம் கேள்வி கேட்க ஒருவர் என்று முறை வைத்துக்கொள்ளுங்கள். கட்டுக்குக் கீழே கால் மரத்துப்போனாலோ, குளிர்ந்தாலோ, நிறம் மாறினாலோ, தாங்க முடியாத வலி வந்தாலோ ஒரு நிமிடமும் காத்திருக்காமல் மருத்துவரைக் கூப்பிடுங்கள், வராவிட்டால் சத்தம் போடுங்கள். பிரியாவின் சாவு நமக்குச் சொல்லிவிட்டுப் போனது அது.

தம்பிக்கு இப்போது எங்கள் வட்டத் தோழர் ஒருவர், பிசியோதெரபி மாணவி, வாரம் இரண்டு நாள் வந்து சொல்லித்தருகிறார். படிப்பகத்தின் மர பெஞ்சைச் சுவரோரமாகத் தள்ளிப்போட்டிருக்கிறோம். அம்பேத்கர் படத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு காலைத் தூக்குகிறான், ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னப் பிள்ளைகள் எண்ணுகிறார்கள். காவலர் தேர்வின் ஓட்டத்துக்கு அந்தக் கால் திரும்புமா என்று எங்களால் உறுதி சொல்ல முடியாது, தாமதமாகிவிட்டது. அடுத்து அறுகிற முட்டிக்குத் தாமதமாகக் கூடாது.

ஜெய்பீம்.